நூறு வண்ணப் பட்டியலில் எதை வாங்குவது? ட்யூபின் பின்பக்கத்தைப் படியுங்கள்

கேள்வி இது: மாணவர் தர வாட்டர்கலரில் சில வருடம் பழகியாயிற்று, இனி புரொஃபஷனல் தரத்துக்கு மாற வேண்டும். கம்பெனியின் பட்டியலைத் திறந்தால் நூற்றுக்கு மேல் நிறங்கள். 24, 48 என்று பெட்டியாக வாங்கலாமா, தனித்தனி ட்யூபாகவா? வரைவது பெரும்பாலும் புதுச்சேரித் தெருக்கள், கடற்கரை, கடலூர் பக்கம் கேப்பர் மலை, பிச்சாவரம். காகிதப்பூவின் அந்தச் சுடர் இளஞ்சிவப்புக்கு எது சரி? மழைக்காலத்தில் பேலட்டில் பூஞ்சை பிடிப்பதற்கு என்ன வழி?

பெட்டி வேண்டாம். எட்டு, ஒன்பது ட்யூப் தனித்தனியாக வாங்குங்கள், 5 மில்லி போதும். மற்ற நிறங்களில் பெரும்பாலானவற்றை இவற்றிலிருந்தே கலந்துகொள்ளலாம். எந்த ஒன்பது என்பதற்குமுன் பட்டியலைப் படிக்கும் விதம் தெரிய வேண்டும். அது தெரிந்துவிட்டால் எந்தக் கம்பெனிப் பட்டியலும் பாதியாகச் சுருங்கிவிடும்.

ட்யூபின் முன்பக்கத்துப் பெயர் விற்பனைக்கு. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் குறியீடுதான் சரக்கு. கலர் இண்டெக்ஸ் என்ற உலகப் பொதுவான அட்டவணையின் குறியீடு அது. முதலில் வரும் ‘பி’ பிக்மென்ட், அதாவது நிறமி. அடுத்தது நிறக் குடும்பம்: ஒய் மஞ்சள், ஓ ஆரஞ்சு, ஆர் சிவப்பு, வி ஊதா, பி நீலம், ஜி பச்சை, பிஆர் பழுப்பு, பிகே கறுப்பு, டபிள்யூ வெள்ளை. கடைசியில் ஒரு எண். பிபி 29 என்றால் அல்ட்ராமரின் நீலம். எந்த நாட்டுக் கம்பெனி எந்தப் பெயரில் விற்றாலும் உள்ளே இருப்பது அந்த நிறமிதான்.

இதை வைத்துக்கொண்டு பட்டியலைப் பாருங்கள். வின்சர் அண்ட் நியூட்டன் கம்பெனியின் இண்டிகோ நீலத்திலும் பேய்ன்ஸ் கிரே என்ற கருஞ்சாம்பலிலும் இருப்பவை ஒரே மூன்று நிறமிகள்: பிபி 15, பிபிகே 6, பிவி 19. விகிதம்தான் வேறு. டேனியல் ஸ்மித் கம்பெனியின் இண்டிகோவில் பிபி 60-ம் பிபிகே 6-ம். இண்டிகோ என்றால் அவுரிச் சாயம், ஆனால் இரண்டிலுமே அவுரி கிடையாது. சாப் கிரீன் என்ற பெயரில் ஒரு கம்பெனி பிஜி 36-ஐயும் பிஒய் 110-ஐயும் கலந்து தருகிறது. இன்னொன்று பிஜி 7, பிஒய் 150, பிஓ 48 என்று மூன்றைக் கலக்கிறது. பெயரை நம்பி பிராண்ட் மாற்றினால் பழகிய கலவை எல்லாம் கையை விட்டுப் போகும்.

பின்பக்கத்தில் ஒரே ஒரு குறியீடு இருந்தால் அது ஒற்றை நிறமி ட்யூப். தேட வேண்டியது இதைத்தான். மூன்று நிறமி சேர்ந்த பச்சையோடு இரண்டு நிறமி சேர்ந்த பழுப்பைக் கலந்தால் காகிதத்தில் ஐந்து நிறமிகள் மோதுகின்றன. ஒவ்வொன்றும் ஒளியில் தனக்கான பகுதியை விழுங்கும், மிஞ்சுவது சேறு. ‘என் கலவை மட்டும் ஏன் அழுக்காகிறது’ என்று கேட்பவர்களில் பலருக்கு விடை கையில் இல்லை, ட்யூபில் இருக்கிறது.

கலவை ட்யூப் எல்லாமே மோசம் என்றும் இல்லை. டேனியல் ஸ்மித்தின் மூன்க்ளோ பலருக்குப் பிடித்த சாம்பல் ஊதா. அதில் இருப்பவை விரிடியன் பச்சை பிஜி 18, அல்ட்ராமரின் பிபி 29, ஒரு சிவப்பு பிஆர் 177. இந்த மூன்றும் கையில் இருந்தால் பேலட்டிலேயே கிடைக்கும், தேவைக்கேற்ப நீலம் தூக்கலாகவோ சிவப்பு தூக்கலாகவோ. அதையே நாள் முழுக்கப் பயன்படுத்துபவர் வாங்கட்டும், நேரம் மிச்சம்.

குறியீட்டிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பிஆர் 101 என்பது செயற்கை இரும்பு ஆக்சைடு. துகளின் அளவைப் பொறுத்து அதே பிஆர் 101 ஒளி ஊடுருவும் செம்பழுப்பாகவும் வரும், இண்டியன் ரெட் என்ற கனத்த, நீலம் தட்டிய சிவப்பாகவும் வரும், லைட் ரெட், வெனிஷியன் ரெட் என்ற பெயர்களிலும் வரும். பர்ன்ட் சியன்னா என்ற பழுப்பை வின்சர் அண்ட் நியூட்டன் இந்த பிஆர் 101-இல் செய்கிறது; டேனியல் ஸ்மித் பிபிஆர் 7-இல் செய்கிறது. முதலாவது ஆரஞ்சு சாய்ந்து தெளிவாக ஓடும். இரண்டாவது மண்ணின் சொரசொரப்போடு படியும். அதேமாதிரி பிவி 19-க்கு இரண்டு படிக வடிவங்கள் உண்டு. ஒன்று ரோஜா நிறம், மற்றது ஊதா. ஆகவே குறியீட்டோடு சேர்த்துத் தடவிய மாதிரியையும் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

குறியீட்டை அடுத்துப் பட்டியலில் பார்க்க வேண்டியவை நான்கு.

முதலாவது ஒளி ஊடுருவல். சின்னச் சதுரம் ஒன்று போட்டிருப்பார்கள். வெறும் சதுரம் என்றால் ஊடுருவும். குறுக்குக்கோடு இருந்தால் ஓரளவு. பாதி கறுப்பு என்றால் பாதி மறைக்கும். முழுக் கறுப்பு என்றால் மறைக்கும். காட்மியம் மஞ்சள் பிஒய் 35, காட்மியம் சிவப்பு பிஆர் 108 இரண்டும் மறைக்கும் வகை. ஒன்றின்மேல் ஒன்றாக மெல்லிய பூச்சு ஏற்றும் வேலைக்கு ஊடுருவும் நிறங்களே தோது.

இரண்டாவது கறை. வின்சர் பட்டியலில் ‘எஸ்டி’ என்று குறித்திருக்கும். தாலோ நீலம் பிபி 15, தாலோ பச்சை பிஜி 7, பிரஷ்யன் நீலம் பிபி 27, குவினாக்ரிடோன் சிவப்புகள் எல்லாம் காகித நாரைப் பிடித்துக்கொள்ளும். காய்ந்தபின் தண்ணீர் வைத்துத் துடைத்தாலும் முழுதாக வராது. மேலே இன்னொரு பூச்சு போகும்போது கலையாது என்பதால் இது பல நேரம் நல்லதுதான். பிழையை அழிக்கப் பார்க்கும்போதுதான் வில்லங்கம்.

மூன்றாவது கிரானுலேஷன், குறி ‘ஜி’. கனமான அல்லது திரளும் துகள்கள் காகிதக் குழிகளில் வண்டல்போல் படிந்து புள்ளி புள்ளியாகத் தெரியும். அல்ட்ராமரின், செருலியன் நீலம் பிபி 35, விரிடியன், பிபிஆர் 7 மண் நிறங்கள் இப்படிப்பட்டவை. காரை பெயர்ந்த சுவர், மணல், மழை மேகம் மூன்றுக்கும் இதைவிடத் தோதானது கிடையாது. முகத்துக்கு வேண்டாம்.

நான்காவது நிலைப்பு, வெயிலில் வெளுக்குமா என்பது. ஏஎஸ்டிஎம் என்ற தர நிர்ணய அமைப்பின் அளவுகோலில் 1, 2 என்றால் நம்பலாம். 3-ம் அதற்கு மேலும் விற்பனைக்கான படத்துக்கு ஆகாது. வின்சர் ஏஏ, ஏ, பி, சி என்றும், ஷ்மிங்கே நட்சத்திரங்களாலும் குறிக்கிறது. பழைய பேர் பெற்ற நிறங்களில் சில இங்கே தோற்கும். அசல் அலிசரின் கிரிம்ஸன் சிவப்பு பிஆர் 83 வெளுக்கும். ஆரியோலின் மஞ்சள் பிஒய் 40 பழுப்பேறும். பழைய புத்தகம் எதிலாவது இந்த இரண்டையும் வாங்கச் சொல்லியிருந்தால் அந்த வரியைத் தாண்டிவிடுங்கள். பிவி 19-ம் பிஒய் 154-ம் அந்த இடங்களை நிரப்பும்.

விலை ‘சீரிஸ்’ எண்ணைப் பொறுத்தது. ஏறுகிற எண், ஏறுகிற விலை. மண் நிறங்கள், அல்ட்ராமரின், தாலோ வகைகள் அடித்தட்டில் இருக்கும். கோபால்ட்டும் காட்மியமும் மேல்தட்டு. விலை அதிகம் என்பதால் தரம் அதிகம் என்று அர்த்தமில்லை, நிறமியின் மூலப்பொருள் விலை அவ்வளவுதான். பெயருக்குப் பின்னால் ‘ஹியூ’ என்று இருந்தால் அந்த நிறமி உள்ளே இல்லை, சாயல் மட்டும் என்று பொருள். மாணவர் தரத்தில் இது சாதாரணம். கூடவே நிறமி குறைவு, நிரப்பு பொருள் அதிகம். புரொஃபஷனல் ட்யூபில் காசு போவது நிறமியின் அடர்த்திக்குத்தான். அதனால் பழைய கைப்பழக்கத்தில் பிதுக்கினால் பாதி வீணாகும். மிளகளவு பிதுக்கினால் போதும்.

ஓவியருக்கென்று தனியாக நிறமி செய்பவர்கள் மிகக் குறைவு. கார் பெயின்ட், பிளாஸ்டிக், அச்சு மை ஆகியவற்றுக்குச் செய்வதில் ஒரு துளிதான் நமக்கு வருகிறது. குவினாக்ரிடோன் கோல்ட் என்ற பொன் பழுப்பு, பிஓ 49, கார் கம்பெனிகளுக்குத் தேவைப்படாமல் போனதால் உற்பத்தியே நின்றது; இன்று அந்தப் பெயரில் கிடைப்பது பிஓ 48-ம் பிஒய் 150-ம் கலந்தது. எதிர்த்திசையிலும் நடக்கும். ஐஐடி மெட்ராஸில் முனைவர் பட்டம் பெற்ற மாஸ் சுப்ரமணியன் 2009-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேறு எதையோ தேடும்போது கிடைத்ததுதான் யின்மின் நீலம், பிபி 86. ட்யூபில் வந்துவிட்டது, ஆனால் விலை தலை சுற்றும். அல்ட்ராமரினும் கோபால்ட்டும் இருக்கிறவருக்கு அது அவசியமே இல்லை.

நிறமியைக் காகிதத்தோடு ஒட்டவைப்பது கம் அராபிக் என்ற வேலம்பிசின். புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் ஒரு சொந்தக் கதை இருக்கிறது. 18, 19-ம் நூற்றாண்டுகளில் இங்கே அவுரியில் தோய்த்த நீலத் துணி ‘கினே’ என்ற பெயரில் பிரெஞ்சு வணிகர்கள் வழியாக செனகல் ஆற்றங்கரைக்குப் போனது. அங்கே அந்தத் துணிக்கு மாற்றாகக் கிடைத்த முக்கியச் சரக்கு இதே பிசின்தான்.

இனி அந்த ஒன்பது. மஞ்சளில் பிஒய் 154, வின்சர் இதை வின்சர் யெல்லோ என்கிறது. பச்சையும் சாயாமல் ஆரஞ்சும் சாயாமல் நடுவில் நிற்கும். இரண்டாவது மஞ்சள் காவி, பிஒய் 43 அல்லது பிஒய் 42. முதலாவது இயற்கை மண், இரண்டாவது செயற்கை, இரண்டும் நிலைக்கும். சிவப்பில் பிரோல் ரெட் பிஆர் 254, ரோஜா நிறத்தில் பிவி 19. நீலத்தில் அல்ட்ராமரின் பிபி 29-ம் தாலோ நீலத்தில் பச்சை சாய்ந்த வகை பிபி 15:3-ம். பச்சை ஒன்றே ஒன்று, பிஜி 7. பழுப்பில் பர்ன்ட் சியன்னா. ஒன்பதாவதாக பிஒய் 150, நிக்கல் அசோ யெல்லோ; அடர்த்தியில் அழுக்குப் பொன்னாகவும் நீர்த்தால் பளிச்சென்றும் மாறும் விசித்திரமான மஞ்சள், தென்னைக்கும் வாழைக்கும் அதை விட்டால் வேறில்லை. கறுப்பு வேண்டாம்: அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கெட்டியாகக் கலந்தால் வரும் கருமையில் உயிர் இருக்கும், நீலத்தைக் கூட்டினால் குளிர்ச்சி, பழுப்பைக் கூட்டினால் வெம்மை. வெள்ளையும் இப்போதைக்கு வேண்டாம், காகிதமே வெள்ளை.

இந்த ஊர்ப் படங்களில் மிக அதிகமாகச் சொதப்புவது புதுச்சேரி துய்மா வீதி மாதிரித் தெருக்களின் மஞ்சள் சுவர். சுவரைவிட அதன்மேல் விழும் மர நிழல்தான் சிக்கல், அதனால் கொஞ்சம் விரிவாக.

சுவர் நிறத்துக்கு மஞ்சள் காவி மூன்று பங்கு, பிஒய் 154 ஒரு பங்கு, பர்ன்ட் சியன்னா பிரஷ் நுனியில் ஒட்டுகிற அளவு. நீர்த்த கலவையாக, ஓரத்து வெள்ளைப் பட்டைகளையும் தூண் விளிம்புகளையும் காகிதமாகவே விட்டு, மேலிருந்து கீழே ஒரே மூச்சில் இறக்க வேண்டும். பட்டைகளைக் காக்க மாஸ்கிங் ஃப்ளூயிட் (பெயின்ட் ஒட்டாமல் தடுக்கும், பிறகு உரித்தெடுக்கும் திரவம்) போட்டால் அன்றைக்கே உரித்துவிடுங்கள். வெயிலில் விட்டால் காகிதத்தோடு பிடித்துக்கொண்டு உரிக்கும்போது தோலையும் கிழிக்கும். பிறகு முழுதாகக் காயவிட வேண்டும். புறங்கையால் தொட்டுப் பாருங்கள்: குளிர்ந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. கத்திரி வெயிலில் சில நிமிடங்களில் காயும், கார்த்திகை மாதத்தில் முக்கால் மணி நேரமும் போதாமல் போகும்.

நிழலுக்கு அல்ட்ராமரின் இரண்டு பங்கு, பிவி 19 ஒரு பங்கு, பர்ன்ட் சியன்னா துளி. பேலட்டில் இது மங்கிய ஊதாவாகத் தெரியும். மஞ்சளின்மேல் விழுந்ததும் வெதுவெதுப்பான சாம்பல் பழுப்பாக மாறும். 10 அல்லது 12-ஆம் எண் வட்ட பிரஷ்ஷில் நிறைய எடுத்து, நிழலின் உருவத்தை ஒரே தடவலில் போட்டுவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். இரண்டாம் முறை தேய்த்தால் கீழ்ப்பூச்சு கிளம்பும். ஈரம் காயுமுன் நிழலின் அடிப்பகுதியில், தரைக்கு அருகே, நீர்த்த பர்ன்ட் சியன்னா ஒரு தொடுதல். ரோட்டில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அது.

இங்கே இரண்டு தவறுகள் வாடிக்கை. ஒன்று, சுவருக்குக் காட்மியம் மஞ்சள். பளீரென்று இருக்கும், ஆனால் அது காகிதத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிற துகள், நிழல் பூச்சின் ஈரத்தில் கரைந்து கலங்கி, நிழல் சுண்ணாம்படித்த மாதிரி ஆகிவிடும். இரண்டு, நிழலுக்குக் கறுப்போ பேய்ன்ஸ் கிரேயோ. மஞ்சளும் கறுப்பும் சேர்ந்தால் பச்சை. சுவரில் பாசி பிடித்த மாதிரிதான் வரும். உண்மையிலேயே பாசி பிடித்த சுவராக இருந்தால் அந்தக் கலவையைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

பச்சைகளுக்கு வருவோம். பிஜி 7-ஐ ட்யூபிலிருந்து அப்படியே தடவினால் உலகத்தில் எந்த இலையும் அந்த நிறத்தில் இல்லை. அதைத் தனி நிறமாக நினைக்காதீர்கள், கலவைக்கான விதை. பர்ன்ட் சியன்னா சேர்ந்தால் முந்திரி இலை. பிஆர் 254 சேர்ந்தால் கிட்டத்தட்டக் கறுப்பாகும் கரும்பச்சை. பிச்சாவரத்தில் சுரபுன்னை வேர்களுக்கு நடுவே இருக்கும் இருட்டு அது. வெயில் பட்ட தென்னை ஓலைக்கு பிஒய் 150-இல் பிபி 15:3. இதில் எப்போதும் மஞ்சளை முதலில் குழைத்துவிட்டு நீலத்தைப் பிரஷ் நுனியால் தொட்டுத் தொட்டுச் சேர்க்க வேண்டும். தாலோவின் வீரியம் அப்படி. நீலத்தில் மஞ்சளை ஊற்றத் தொடங்கினால் பாதி ட்யூப் மஞ்சள் போயும் பச்சை இறங்காது. வாடிய புல்லுக்கு பிஒய் 150-ம் அல்ட்ராமரினும்.

கேப்பர் மலைச் செம்மண் பர்ன்ட் சியன்னாவும் பிஆர் 254 கொஞ்சமும். மழை நனைந்த மண்ணுக்கு அதிலேயே அல்ட்ராமரின் துளி. அடிக்கடி வரைவதானால் பத்தாவது ட்யூபாக இண்டியன் ரெட் வாங்கலாம், மறைக்கும் வகை என்பதால் ஒரே பூச்சாகப் போட்டுவிட்டு நகர வேண்டும். கடலுக்கு, ஆழம் குறைந்த இடத்தில் நீர்த்த பிபி 15:3-இல் மஞ்சள் காவி. மழைக்காலத்தில் தென்பெண்ணையும் கெடிலமும் கடலில் கலக்கும் பக்கம் அல்ட்ராமரின், பர்ன்ட் சியன்னா இரண்டும் போதும். அடிவான நீலத்துக்கும் மேகத்துக்கும் செருலியன் பிபி 35 அழகு, விலைதான் கடிக்கும். கடலூர் துறைமுகத்தில் நிற்கும் படகுகளின் அந்தப் பச்சை நீலம் மட்டும் கலவையில் சரியாகக் கிடைக்காது. பிஜி 50, கோபால்ட் டர்க்வாய்ஸ் அல்லது டீல் என்ற பெயரில் வரும். அதற்கென்று வாங்கினால் தப்பில்லை.

காகிதப்பூ. கடையில் ஓபரா பிங்கை நீட்டுவார்கள், மயக்கும் நிறம்தான். பெரும்பாலும் அதில் பிஆர் 122 என்ற நிலைக்கும் மஜெந்தாவோடு ஒளிரும் சாயம் ஒன்று கலந்திருக்கும். வெயில் பட்டால் அந்த ஒளிர்வு முதலில் போய்விடும், மிஞ்சுவது வெறும் மஜெந்தா. ஸ்கெட்ச் புத்தகத்துக்குள் மூடிக் கிடக்கும் படத்துக்கும், ஸ்கேன் செய்து அச்சடிக்கும் வேலைக்கும் ஓபரா சரி. சுவரில் மாட்டும் படத்துக்கு, விற்கும் படத்துக்குக் கூடாது. வாங்கியவர் வீட்டில் பூ வெளுக்கும். பிஆர் 122-ஐயோ பிவி 19-ஐயோ மெல்லிய ஒற்றைப் பூச்சாகப் போட்டு, பக்கத்தில் பிஜி 7-உம் பர்ன்ட் சியன்னாவும் கலந்த மங்கிய கரும்பச்சையை வையுங்கள். பூவின் பளிச் பாதி அந்தப் பச்சையால் வருவது.

எந்த நிறத்தை வாங்கினாலும் படத்தில் இறக்குவதற்குமுன் ஒரு சோதனைத் தாள் போடுவது அவசியம். கம்பெனி அச்சடித்த பட்டியலும் சரி, திரையில் தெரிவதும் சரி, நம்பத்தக்கவை அல்ல. ஓபராவும் தாலோ டர்க்வாய்ஸும் திரையில் காட்டவே முடியாத அளவு செறிந்தவை. பெரிய கம்பெனிகள் விற்கும் டாட் கார்டு கிடைத்தால் வாங்குங்கள். அட்டையில் ஒவ்வொரு நிறத்திலும் ஒரு பொட்டு உண்மையான பெயின்ட் வைத்திருப்பார்கள், ஒரு பொட்டில் ஒரு சோதனைக் கட்டம் தாராளமாக வரும்.

தாள் 300 ஜிஎஸ்எம், நூறு சதவீதம் பருத்தி, கோல்ட் பிரஸ் என்ற லேசான சொரசொரப்புள்ள வகை. மலிவு மரக்கூழ்த் தாளில் சோதித்தால் முடிவே தப்பு: கறை பிடிக்கும் நிறம்கூட எளிதாகத் துடைபடும், வாஷ், அதாவது நீர்த்த பரந்த பூச்சு, திட்டுத் திட்டாகும், குற்றம் பெயின்ட்டின் தலையில் விழும். 28-க்கு 38 செ.மீ. துண்டில் 4-க்கு 6 செ.மீ. கட்டங்களாக, கீழே பெயர் எழுத ஒரு செ.மீ. விட்டு, வரிசைக்கு ஆறு, ஐந்து வரிசை, முப்பது நிறம் அடங்கும். ஒவ்வொரு கட்டத்திலும் குறுக்கே நீர் புகாத கறுப்பு மையால் ஒரு கோடு போட்டு ஒரு நாள் காயவிடுங்கள்.

மிளகளவு பெயின்ட்டை வெள்ளை டைல்ஸ் துண்டில் வைத்து ஐந்து சொட்டு நீர் விட்டுக் குழைத்து, கட்டத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கில் தடவுங்கள். பிரஷ்ஷைக் கழுவி ஈரத்தோடு கீழ் விளிம்பை இழுத்தால் வெளுத்துக்கொண்டே இறங்கும். ஈரத்தின் பளபளப்பு மங்கும் தருணத்தில் அடிப்பகுதியில் ஒரு சொட்டுச் சுத்த நீர்; எவ்வளவு வேகமாக விரிந்து ப்ளூம் என்ற பூ மாதிரித் தடமாகிறது என்று பார்க்க. மறுநாள், விறைப்பான கால் அங்குலத் தட்டை பிரஷ்ஷை நனைத்து அடர்ந்த பகுதியில் பத்து முறை தேய்த்து டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். வெள்ளை வந்தால் துடைபடும் நிறம், வராவிட்டால் கறை. கறுப்புக் கோட்டின்மேல் பெயின்ட் தெரிந்தால் மறைக்கும் வகை, கோடு சுத்தமாக இருந்தால் ஊடுருவும் வகை. ட்யூப் லைட்டில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம் பாருங்கள். காய்ந்தால் எல்லா நிறமும் ஒரு படி வெளுக்கும், கருநீலங்களில் அந்த இறக்கம் கண்ணுக்கு உறுத்தும்.

அடுத்த தாளில் ஜோடிக் கலவைகள். ஒன்பது நிறத்துக்கு 36 ஜோடி. அலுப்பான வேலை, ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். ஆனால் அந்தத் தாள் மேசைக்கு எதிரே இருக்கும்வரை புது ட்யூப் வாங்கும் ஆசை தானாகக் குறையும். நிலைப்பில் சந்தேகமுள்ள நிறத்துக்குத் தடவிய துண்டை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைப் புத்தகத்துக்குள்ளும் மறுபாதியை மேற்கு ஜன்னல் கண்ணாடியிலும் மார்ச் முதல் மே வரை வையுங்கள். நம் வெயிலில் மூன்று மாதம் போதும், நிலைக்காத நிறம் தானே காட்டிக்கொடுக்கும்.

தண்ணீரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கடலோரத்துப் போர் தண்ணீர் பல தெருக்களில் உப்பு. உப்பும் கடினத்தன்மையும் நிறமித் துகள்களைத் திரட்டும். வழவழப்பாக வர வேண்டிய வானத்தில் அல்ட்ராமரின் கட்டி கட்டியாக நிற்கும், கரும்பூச்சில் காய்ந்தபின் வெண்புள்ளிகள் பூக்கும். குடிக்கிற கேன் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ இரண்டு டம்ளர் போதும்: ஒன்று கழுவ, ஒன்று கலக்க.

பூஞ்சைக்குக் காரணம் ஈரத்தோடு மூடி வைத்த பேலட். பிசினும் அதில் சேர்க்கும் இனிப்பான ஈரப்பதப் பொருளும் பூஞ்சைக்குச் சாப்பாடு. வேலை முடிந்ததும் கலக்கும் பகுதியைத் துடைத்து, மின்விசிறிக்குக் கீழே இரவு முழுக்கத் திறந்து வைத்து, காலையில் மூடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பெட்டிக்குள் சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டு. வந்துவிட்ட பூஞ்சைக்கு, மேல்படலத்தைக் கத்தியால் சுரண்டி எறிந்து, டெட்டால் கலக்காத சுத்த நீரால் துடைத்து, வெயிலில் ஒரு மணி நேரம். பிரஷ் நுனியில் ஒட்டும் அளவு கிராம்பு எண்ணெயைப் பேன்களின் (பெயின்ட் நிரப்பும் சின்னக் குழிகள்) ஓரத்தில் தடவி வைத்தால் திரும்ப வருவது தள்ளிப்போகும்.

இதே காரணத்தால், தேன் சேர்த்த பிராண்டுகளை இங்கே யோசித்து வாங்க வேண்டும். செனலியே, எம். கிரஹாம் இரண்டும் தேன் சேர்ப்பவை. வறண்ட ஊரில் அது வரம், தொட்டதும் கரையும். நம் காற்றில் ட்யூபிலிருந்து பேனில் பிதுக்கியது வாரக்கணக்கில் காயாமல் பிசுபிசுக்கும், பேலட்டைச் சாய்த்தால் பக்கத்து நிறத்தில் வழியும், எறும்பும் வரும். ட்யூபிலிருந்து அன்றன்றைக்குப் பிதுக்கி வரைபவருக்குப் பிரச்சினை இல்லை. பேன் நிரப்பி எடுத்துப்போய்க் கடற்கரையில் வரைபவர் தேன் இல்லாததை எடுப்பது நல்லது. பேன் நிரப்பும்போது ஒரே தடவையில் நிரப்பாமல் மூன்று அடுக்காக, ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்தது. இல்லாவிட்டால் மேலே தோல் கட்டி உள்ளே கூழாக இருக்கும், பின்னர் சுருங்கி வெடிக்கும். யூடியூபில் சொல்கிறார்களே என்று கிளிசரின் சேர்க்காதீர்கள், அது காற்று வறண்ட ஊர்களுக்கு.

காகிதமும் இந்த ஈரத்தில் கெடும். மேற்பூச்சாக இருக்கும் ஜெலட்டின் சைஸிங் பூஞ்சையில் அழிந்துபோனால் வாஷ் போடும்போது அங்கங்கே மட்டும் ஒற்றுத்தாள் மாதிரி உறிஞ்சிக் கரும்புள்ளி விழும். வெறும் கண்ணுக்குத் தெரியாது, நனைத்தால்தான் தெரியும். பத்து ஷீட்டுக்கு மேல் இருப்பு வைக்காமல், பிளாஸ்டிக் உறையில் சிலிகா ஜெல்லோடு, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள்.

ட்யூபைத் திறந்ததும் மஞ்சளாக ஒரு திரவம் மட்டும் வந்தால் பிசின் பிரிந்திருக்கிறது. அதைக் கொட்டிவிடாதீர்கள், அது போனால் மிச்சப் பெயின்ட் காகிதத்தில் ஒட்டாமல் மாவாக உதிரும். பல்குச்சியை உள்ளே விட்டுக் கிளறி, மூடி, தலைகீழாக ஒரு நாள் நிறுத்தி வையுங்கள். செருலியன், விரிடியனில் இது அடிக்கடி நடக்கும். மூடி இறுகிவிட்டால் பிளையரால் திருகாமல், மூடியை மட்டும் வெந்நீரில் ஒரு நிமிடம் பிடித்துத் துணியால் திருகுங்கள், கழுத்து கிழியாது. காட்மியம், கோபால்ட் நிறங்கள் கையில் இருந்தால் பிரஷ் நுனியை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கத்தை அன்றோடு விட்டுவிட வேண்டும்.